சர்தார் பணிக்கர்: கடலைப் பற்றிச் சொன்னது சரி, சீனாவில் ஏன் சறுக்கினார்?

நாஞ்சில்வாசகன் எழுதியது:

வணக்கம். பாதுகாப்பியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு சர்தார் கே. எம். பணிக்கரை எடுத்திருக்கிறேன். வரலாற்றாசிரியர், திவான், தூதர், மலையாளக் கவிஞர் என்று அவரைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு 'கடல்சார் பாதுகாப்பு ஆய்வாளர்' என்று ஒரு வேலை இருக்கிறதே, இந்தியாவில் அதை முதலில் செய்தவர் அவர்தான் என்பது என் கட்சி. 1945ல் வந்த 'இந்தியாவும் இந்தியப் பெருங்கடலும்' என்ற சின்னப் புத்தகமே அதற்குப் போதும் என்று நினைக்கிறேன்.

வழிகாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. "ஆய்வாளர் என்றால் சொன்னது சரியாக இருந்ததா என்று பார்க்கணும். பெய்ஜிங்கில் தூதராக இருந்து அவர் அனுப்பியதை எடுத்துப் பார், அப்புறம் பேசு" என்கிறார்.

என் கேள்வி: 1945ல் கடலைப் பற்றி அவ்வளவு தெளிவாக எழுதிய ஆள், 1950ல் சீனா திபெத்துக்குள் நுழைந்த விஷயத்தில் எப்படிக் கோட்டை விட்டார்?

ஏட்டுச்சுரை எழுதியது:

தேவிகுளம், பீர்மேட்டைக் கேரளாவுக்கு எழுதிக் கொடுத்தவர்தானே? அவருக்கு நாஞ்சில் நாட்டுக்காரரே ஆய்வேடு எழுதுகிறீர்களா! நடத்துங்க.

பழையபேப்பர் எழுதியது:

ஏட்டுச்சுரை, அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் முழுக்கதையையும் சொல்லிவிடுவோம். மாநில மறுசீரமைப்பு ஆணையத்தில் மூன்று பேர்: தலைவர் ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் செங்கோட்டையும் சென்னை மாகாணத்துக்கு வர வேண்டும் என்று சொன்னதும் அதே ஆணையம்தான். தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. ஃபசல் அலி தனக்குப் பீகாரோடு நீண்ட தொடர்பு உண்டு என்று பீகார் எல்லைத் தகராறுகளில் கலந்துகொள்ளாமல் ஒதுங்கினார். திருவிதாங்கூர் எல்லை வந்தபோது குட்டநாட்டுக் காவாலத்தில் பிறந்த பணிக்கர் ஒதுங்கவில்லை. அவர் ஏன் ஒதுங்கவில்லை என்றுதான் தமிழர்கள் கேட்டார்கள்.

இதற்கு மேல் பேசினால் தனி இழை வேண்டும். தம்பிக்கு ஒரு தகவல் மட்டும். டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா 1741ல் தோற்கடித்த குளச்சல் அதே கல்குளம் தாலுகாவில்தான் இருக்கிறது. மலபாரில் டச்சுக்காரர்கள் பற்றி பணிக்கர் 1931லேயே புத்தகம் போட்டார். அதற்கு முன்பே போர்ச்சுகீசியர் பற்றி ஒன்று. ஆக 1945ல் திடீரென்று கடலைக் கண்டுபிடித்தவர் இல்லை. பதினைந்து, இருபது வருடம் ஆவணங்களோடு உட்கார்ந்த பிறகு வந்த புத்தகம் அது.

கடலோடி எழுதியது:

கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவன். நாங்கள் சேர்ந்த காலத்தில் இந்தப் புத்தகத்தின் பெயரை அதிகாரிகள் ஏதோ வேதம் மாதிரி சொல்வார்கள். படித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு விஷயம்.

தம்பி, எழுதப்பட்ட காலத்தை ஒதுக்கிவிட்டுப் படித்தால் பாதி புரியாது. 1941 டிசம்பர் 10 அன்று பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களை ஜப்பான் விமானங்கள் மலாயாக் கரைக்கு அப்பால் மூழ்கடித்தன. 1942 பிப்ரவரி 15 சிங்கப்பூர் சரண். மார்ச்சில் அந்தமான் போனது. ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, 6 விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9 திருகோணமலையில். சென்னையில் பாதி ஊர் மூட்டை கட்டிக் கிளம்பியது. வடமேற்குக் கணவாய்களுக்கு அந்தப் பக்கமிருந்துதான் எதிரி வருவான் என்று நூறு வருடம் காவல் இருந்தவர்களுக்கு, எதிரி வங்காள விரிகுடா வழியாக வந்து நின்றான்.

பணிக்கர் அப்போது பிக்கானீர் சமஸ்தானத்தில் பெரிய பதவியில் இருக்கிறார். சுற்றிலும் பாலைவனம், அங்கே உட்கார்ந்து கடலைப் பற்றி எழுதுகிறார்! அவர் வாதம் நேரானது. தரைவழி வந்தவர்கள் இந்த நாட்டிலேயே தங்கி இந்த நாட்டவர் ஆனார்கள். கடல் கையை விட்டுப் போனபோதுதான் நாடே கையை விட்டுப் போனது. 1509ல் டையூ கடற்போரில் எகிப்து, குஜராத், கோழிக்கோடு மூன்று தரப்பும் சேர்ந்த படையைப் போர்ச்சுகீசியர் முறியடித்ததை அவர் அந்தக் கணக்கில் வைக்கிறார். ராஜேந்திர சோழன் 1025ல் ஸ்ரீவிஜயத்தின் மேல் அனுப்பிய படையெடுப்புக்கும், கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரைக்காயர்களுக்கும் அந்தப் புத்தகத்தில் மரியாதையான இடம் உண்டு.

கடல் வல்லமை பற்றி அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஆல்ஃப்ரெட் மஹான் எழுதியதை அப்படியே பெயர்த்து வைக்கவும் இல்லை. இந்தியப் பெருங்கடல் மற்ற இரண்டு பெருங்கடல் மாதிரி திறந்து கிடப்பதில்லை; மூன்று பக்கம் நிலம், நடுவில் இந்தியா ஆயிரம் மைலுக்கு மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது என்பதில் இருந்து தொடங்குகிறார். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்த ஆள்.

ஒரு ஓட்டையும் சொல்லிவிடுகிறேன். சுதந்திரத்துக்குப் பிறகும் பிரிட்டிஷ் கடற்படை இங்கேயே நிற்கும், நாம் கூட்டாளியாக வளரலாம் என்ற நினைப்பு புத்தகம் முழுக்க இருக்கிறது. 1968 ஜனவரியில் லண்டன், சூயஸுக்குக் கிழக்கே இருந்து வெளியேறுகிறோம் என்று அறிவித்துவிட்டது. அப்போது அவர் உயிரோடு இல்லை. 1963 டிசம்பரில் போய்விட்டார்.

லாவண்யா_டெல்லி எழுதியது:

டெல்லியில் ஒரு ஆய்வு நிறுவனத்தில் இதே துறையில் வேலை. பணிக்கர் சொன்ன 'எஃகு வளையம்' எங்கள் கருத்தரங்குகளில் இன்னும் அடிக்கடி வரும். சிங்கப்பூர், இலங்கை, மொரிஷியஸ், சொகோத்ரா என்று தொலைவில் தளங்கள் இருந்தால்தான் இந்தியாவின் கடல் பத்திரமாக இருக்கும் என்பது அவர் கணக்கு.

இன்று அந்த நான்கு இடத்தையும் பாருங்கள். சிங்கப்பூரோடு 2017ல் கடற்படை ஒப்பந்தம் ஆகி, சாங்கி தளத்தில் நம் கப்பல்கள் எரிபொருள் நிரப்பிக்கொள்கின்றன. மொரிஷியஸின் அகலேகா தீவில் இந்தியா கட்டிய ஓடுபாதை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. ஏமன் தீவான சொகோத்ரா அந்த நாட்டு உள்நாட்டுப் போரில் சிக்கியது. அதற்குப் பதிலாக ஓமனின் துக்ம் துறைமுகம் 2018ல் கிடைத்தது. இலங்கையில் அம்பாந்தோட்டை 2017ல் 99 வருடக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போனது, 2022 ஆகஸ்டில் சீனாவின் யுவான் வாங் 5 கண்காணிப்புக் கப்பல் அங்கே வந்து நின்றது. முக்கால் நூற்றாண்டுக்கு முன் போட்ட பட்டியல் இவ்வளவு தூரம் ஒத்துப்போவது எங்கள் துறையில் அபூர்வம். நாங்கள் எழுதுவது ஆறு மாதத்தில் பழைய சோறு.

திருமலையான் எழுதியது:

லாவண்யா அக்கா, அந்த வளையத்தை இலங்கையில் இருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று யாரும் யோசிக்கிறதில்லை. எங்கட துறைமுகம் இந்தியாவின் பாதுகாப்புக்கு வேணும் என்று எழுதேக்க, எங்களிட்டக் கேட்டவையா? பணிக்கரின் வரிகளைக் கொழும்பில் வேறு மாதிரித்தான் வாசித்தார்கள். இலங்கையைத் தன்ர பாதுகாப்பு வட்டத்துக்குள்ள இழுக்க இந்தியா பார்க்குது என்பதற்குச் சாட்சியாக அவரைக் காட்டிக் கட்டுரைகள் வந்தன. 1947ல் பிரிட்டனோடு பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1957 வரைக்கும் திருகோணமலையை அவர்களிடமே விட்டு வைத்ததற்குப் பின்னால் அந்தப் பயமும் இருந்தது.

அதே நேரம் 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு பரிமாறிய கடிதங்களைப் பாருங்கோ. இந்தியாவின் நலனுக்குக் கேடாக எந்த நாட்டின் படைக்கும் திருகோணமலையைக் கொடுக்கமாட்டோம், எண்ணெய்க் குதங்களைச் சேர்ந்து திருத்துவோம் என்று இருக்கு. அது பணிக்கரின் வாதம்தான், 42 வருஷம் கழித்து அரசாங்கக் கடதாசியில் வந்தது. ஆள் சரியாகச் சொன்னார் என்பது எனக்கும் விளங்குது. ஆனால் அவர் சொன்னதே பக்கத்து நாட்டைத் தள்ளிப் போக வைத்ததா என்ற கேள்வியையும் ஆய்வேட்டில் வையுங்கோ.

ஏட்டுச்சுரை எழுதியது:

எல்லாம் சரி. தம்பி கேட்டது சீனா. அதைத் தொடாமல் எல்லோரும் கடலிலேயே நீந்துறீங்க.

பழையபேப்பர் எழுதியது:

வருகிறேன். இது கொஞ்சம் நீளம்.

பணிக்கர் 1948ல், சீனாவை அப்போது ஆண்ட சியாங் கை-ஷேக் அரசுக்குத் தூதராகத் தலைநகர் நான்கிங் போனார். 1949 ஏப்ரலில் கம்யூனிஸ்ட் படை அந்த நகரைப் பிடித்தபோது அங்கேயே இருந்தார். அந்த டிசம்பர் 30ல் இந்தியா புதிய அரசை அங்கீகரித்தது. 1950 மே மாதம் முதல் பெய்ஜிங்கில் தூதர்.

ஜூனில் கொரியப் போர் தொடங்கியது. செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை, உலகப் போர் மூண்டால் ஒழிய சீனா நேரடியாக இறங்காது என்றுதான் பணிக்கரே எழுதிக்கொண்டிருந்தார். செப்டம்பர் கடைசியில் சீனத் தளபதி நியே ரோங்ஜென் ஒரு விருந்தில் அவரிடம், அமெரிக்கர்கள் எங்கள் எல்லை வரை வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டோம் என்றார். பணிக்கர் தன் கணிப்பை மாற்றிக்கொள்ளத் தொடங்கினார். பிறகு அக்டோபர் 2 நள்ளிரவு. தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிப் பிரதமர் சூ என்லாய் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். தென்கொரியர்கள் மட்டும் வந்தால் பரவாயில்லை, வட, தென் கொரியாவைப் பிரித்த 38வது இணைகோட்டை அமெரிக்கப் படை தாண்டினால் சீனா உள்ளே வரும். இதுதான் செய்தி. உடனே டெல்லிக்குத் தந்தி. டெல்லியில் இருந்து லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் போனது.

வாஷிங்டன் அதை வெறும் மிரட்டல் என்று தள்ளியது. பணிக்கர் சீனக் கம்யூனிஸ்டுகளுக்கு அனுகூலமாகவே நடந்து வந்தவர், அவர் சொல்வதை நடுநிலையாளர் பேச்சாக எடுக்க முடியாது என்று நினைத்ததை அமெரிக்க அதிபர் ட்ரூமனே பின்னால் தன் நினைவுக் குறிப்பில் எழுதினார். அக்டோபர் 12ல் சிஐஏ அறிக்கை, சீனா இந்த ஆண்டு முழு அளவில் தலையிட வாய்ப்பு குறைவு என்றது. ஒரு வாரம் கழித்து, 19ஆம் தேதி, சீனப் படை கொரிய எல்லையில் உள்ள யாலு நதியைத் தாண்டியது.

இனி அதே மாதத்தின் அடுத்த பக்கம். அக்டோபர் 7ல் சீனப் படை திபெத்துக்குள் நுழைந்தது. கிழக்குத் திபெத்தின் சாம்டோ நகரம் விழுந்ததும் 19ஆம் தேதிதான், யாலுவைக் கடந்த அதே நாள். டெல்லிக்கு உறுதியான தகவல் தூதரிடம் இருந்து வரவில்லை. 25ஆம் தேதி பெய்ஜிங் வானொலி அறிவித்தது. நேருவுக்குக் கோபம். நவம்பர் 7ல் பட்டேல் நேருவுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், சீனாவின் செயலுக்கு விளக்கமும் நியாயமும் தேடுவதற்கு நம் தூதர் பெரும்பாடு படுகிறார் என்று ஒரு குத்து இருக்கிறது.

ஒரே ஆள், ஒரே ஊர், ஒரே மாதம். கொரியா தெரிந்தது, திபெத் தெரியவில்லை.

லாவண்யா_டெல்லி எழுதியது:

பழையபேப்பர் ஐயா எழுதியதிலேயே பதில் இருக்கிறது. கொரியா பற்றி வெளியே தெரிய வேண்டும் என்று சூ என்லாய் விரும்பினார், நடு ராத்திரியில் ஆள் அனுப்பினார். திபெத் தெரியக் கூடாது என்று விரும்பினார், வாயே திறக்கவில்லை. பணிக்கரின் கண்ணில் கோளாறு இல்லை; காட்டப்பட்டதைச் சரியாகப் பார்த்தார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்தது. 1945 புத்தகத்துக்கு ஆதாரம் போர்ச்சுகீசிய, டச்சு ஆவணங்களும் வரைபடமும். செத்துப்போன போர்ச்சுகீசியத் தளபதி எவரும் அவரை விருந்துக்குக் கூப்பிட்டு, இதைச் சொல், அதைச் சொல்லாதே என்று நடத்த முடியாது.

எங்கள் துறையில் இது தினசரிப் பிரச்சினை. வெளிநாட்டுத் தூதரகம் கருத்தரங்குக்குக் கூப்பிடும், டிக்கெட் போடும், அதிகாரிகளோடு உட்கார வைக்கும். திரும்பி வந்து எழுதும் கட்டுரையில் 'உயர்மட்ட வட்டாரங்கள்' என்று ஒரு வரி வரும். அந்த வட்டாரம் எதைச் சொல்லவில்லை என்று எழுத ஆள் இல்லை. கடுமையாக எழுதினால் அடுத்த தடவை விசா இழுக்கும் என்ற பயம் வேறு.

கடலோடி எழுதியது:

நான் முழுக்க ஒத்துக்கொள்ளமாட்டேன் மேடம். கொரியா விஷயத்தில் அவர் வெறும் தபால்காரர் இல்லை. செப்டம்பரில் ஒன்று எழுதினார், புதுத் தகவல் கிடைத்ததும் மாற்றி எழுதினார். ஆய்வாளன் செய்ய வேண்டியது அதுதானே? வாஷிங்டனில் அதையே, இந்த ஆள் போன வாரம் வேறு சொன்னாரே என்று பிடித்துக்கொண்டார்கள். அவர்களின் அசட்டுத் துணிச்சலை இவர் தலையில் கட்டக் கூடாது.

திபெத்தில் தப்பு உண்டு, மறுக்கவில்லை. அதைவிடப் பெரிய தப்பு 1952ல். எல்லையைப் பற்றிச் சீனா பேச்செடுக்காதவரை நாமும் எடுக்க வேண்டாம், பேசாமல் இருப்பதே ஒத்துக்கொண்டதுக்குச் சமம் என்ற யோசனைக்கு அவர் ஆதரவு. பத்து வருடத்தில் 1962. அந்தப் போருக்குப் பிறகு பணமும் கவனமும் மலைப் பக்கம் போனது. கடற்படை வரிசையில் பின்னால் போய் நின்றது. கடலைப் பற்றி எழுதியவரின் மலைக் கணக்கு தப்பியதில், அடி வாங்கியது கடற்படை. அந்தக் கசப்பு எங்கள் பழைய ஆட்களிடம் இன்னும் உண்டு.

ஏட்டுச்சுரை எழுதியது:

இது நல்ல பாயிண்ட். புத்தகத்தைப் புகழ்கிறவர்கள் யாரும் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

நாஞ்சில்வாசகன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி, சுயநலம்தான். படிப்பு முடிந்ததும் இந்த வேலைக்கே போக ஆசை. லாவண்யா அக்கா, அன்றாடம் என்ன செய்வீர்கள்? ஆங்கிலச் செய்தித்தாளில் பத்தி எழுதுவது மட்டும்தானா? வீட்டில், இது என்ன வேலை என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

லாவண்யா_டெல்லி எழுதியது:

என் வீட்டிலும் இன்னும் சொல்லி முடியவில்லை. அம்மா 'நேவியில் ஆபீஸ் வேலை' என்று சொல்லி வைத்திருக்கிறார்.

பத்தி எழுதுவது பத்தில் ஒரு பங்கு. மீதி, வாசிப்பும் சரிபார்ப்பும். கப்பல் நகர்வைப் பார்ப்போம். சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் எல்லாம் ஏஐஎஸ் கருவியில் தன் இருப்பிடத்தை ஒலிபரப்ப வேண்டும். அணைத்துவிட்டுக் காணாமல் போகிறவர்களைத் தேடுவது தனிக் கலை. 2018 டிசம்பரில் குருகிராமில் கடற்படை தொடங்கிய தகவல் மையம், சிங்கப்பூர் சாங்கியில் 2009ல் இருந்து நடக்கும் மையம், கோலாலம்பூரில் 1992ல் இருந்து கொள்ளைச் சம்பவங்களைப் பதியும் மையம், இவற்றின் அறிக்கைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒரே சம்பவத்தை ஒருவர் கொள்ளை என்பார், இன்னொருவர் திருட்டு என்பார். எங்கே நடந்தது, 12 கடல் மைலுக்கு உள்ளேயா வெளியேயா என்பதில் சட்டமே மாறும். அதனால் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தை, அதுவும் எது தீவு, எது வெறும் பாறை என்று சொல்லும் 121வது பிரிவு மாதிரி சண்டைக்குரிய இடங்களை, மூலத்திலேயே படி. சுருக்கங்களை நம்பாதே.

வேலை வாய்ப்பு குறைவுதான், மறைக்க விரும்பவில்லை. டெல்லியில் 2005ல் தொடங்கிய தேசியக் கடல்சார் அறக்கட்டளை, 1965ல் இருந்து இருக்கும் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், இன்னும் சில இடங்கள். ஓய்வு பெற்ற அட்மிரல்களும் தூதர்களும் பெரிய நாற்காலிகளில் இருப்பார்கள். இளைஞர்களுக்கு ஒப்பந்த வேலை, ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பு. சீன மொழியோ இந்தோனேசியாவின் பஹாசாவோ தெரிந்தால் கொஞ்சம் மதிப்பு.

ஆனால் உன்னிடம் இருப்பது டெல்லியில் யாரிடமும் இல்லை. தூத்தூர் பக்கத்து மீனவர்கள் சுறா பிடிக்க எவ்வளவு தூரம் போகிறார்கள், இந்தியப் பெருங்கடலின் டீகோ கார்சியா தீவுப் பக்கம் பிடிபட்டு அபராதம் கட்டுவது எப்படி நடக்கிறது, ஒக்கி புயலின்போது எந்தக் கடலில் இருந்தார்கள் என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது. அமைச்சக அறிக்கையைப் பார்த்துத்தான் எழுதுகிறோம். நீ ஊருக்குப் போய்க் கேட்டுவிட்டு எழுதலாம்.

கடலோடி எழுதியது:

அதற்கு வழிமொழிகிறேன். எந்தப் பருவத்தில் நீரோட்டம் எப்படி என்று தூத்தூர்க்காரரிடம் கேட்டால் சார்ட்டில் இல்லாதது வரும்.

பழையபேப்பர் எழுதியது:

ஆய்வேட்டுக்கு ஒரு யோசனை. சீனாவில் இருந்த நாட்களைப் பற்றி பணிக்கர் 1955ல் எழுதிய நினைவுக் குறிப்பை மட்டும் நம்பாதே. தன் பக்கத்து நியாயத்தை நன்றாக எழுதத் தெரிந்தவர். அமெரிக்க வெளியுறவுத் துறை வெளியிட்ட ஆவணத் தொகுப்பில் 1950க்கான ஏழாம் தொகுதி கொரியா பற்றியது, இணையத்தில் இலவசம். அவர் தந்திகள் அங்கே எப்படி வந்து சேர்ந்தன, ஓரத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று தேதி வாரியாகப் பார்க்கலாம். செப்டம்பர் 15ல் அமெரிக்கப் படை கொரியாவின் இஞ்சியோனில் தரையிறங்கியதில் இருந்து அக்டோபர் 25 வரை மட்டும் எடுத்தால் போதும், ஒரு அத்தியாயம் தேறும்.

நாஞ்சில்வாசகன் எழுதியது:

அப்படியே செய்கிறேன் ஐயா. முதல் பாதி 1945 புத்தகம், இரண்டாம் பாதி அந்த நாற்பது நாள். இரண்டையும் தகவல் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியால் இணைக்கலாம் என்று படுகிறது. வழிகாட்டி இதை மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

திருமலையான் எழுதியது:

கொழும்பு எப்படி வாசித்தது என்ற பகுதியை விட்டிடாதேங்கோ தம்பி. அந்தக் காலத்துப் பாராளுமன்ற விவாதங்களைத் தேடுங்கோ, ஹன்சாட் என்ற விவாதப் பதிவு அங்க நூலகங்களில் கிடைக்கும். பாதுகாப்பு ஒப்பந்த விவாதத்தில் இருந்து தொடங்கலாம்.

நாஞ்சில்வாசகன் எழுதியது:

கண்டிப்பாக அண்ணா. எண்பது பக்கத்துக்கு மேல் போனால் வழிகாட்டி திட்டுவார், பரவாயில்லை.